ஸ்கோர் 4 என்கிறது சாப்ட்வேர். தோள் என்ன சொல்கிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் கம்பெனிக்கு ஒருவர் வந்து, நாங்கள் வேலை செய்வதை மொபைலில் வீடியோ எடுத்தார். ஐந்தே நிமிடத்தில் சாப்ட்வேர் எனக்கு 4 மார்க் போட்டுவிட்டது. 4 என்றால் பரவாயில்லையாம், 7 வந்தால்தான் ஆபத்தாம். எனக்கோ இரண்டு மாதமாக வலது தோளில் வலி. சாப்ட்வேர் தப்பாகச் சொல்லுமா சார்?"

வைரஸ், பிரிண்டர், ஹார்ட் டிஸ்க் என்று கேள்விகள் வரும் இடத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. கேட்டவருக்கு வலி இருக்கிறதே என்பதுதான் வருத்தம். இந்த மாதம் முழுக்க இதைப் பற்றியே பேசிவிடுவோம். வீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கழுத்தைத் தொங்கப்போட்டு இதைப் படிக்கும் உங்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

முதலில் அந்த 4 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 7 வரை போகும் மார்க் என்பதால் அது 'ரூலா' என்ற முறையாகத்தான் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் மெக்கட்டம்னி, நைஜல் கார்லெட் என்ற இருவர் 1993-ல் வெளியிட்ட முறை இது. மெக்கட்டம்னி பிசியோதெரபி படித்தவர். கார்லெட் பேராசிரியர். மனித உடலுக்கு ஏற்றபடி வேலையை அமைப்பது எப்படி என்று ஆராயும் எர்கோனாமிக்ஸ், அதாவது பணிச்சூழலியல் துறையில் பெரிய பெயர். இவர்கள் இந்த முறையை எங்கே உருவாக்கினார்கள் தெரியுமா? கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டைப் செய்பவர்களிடமும், தொழிற்சாலைகளில் துணி வெட்டுபவர்கள், தைப்பவர்கள், சரிபார்ப்பவர்கள், பேக்கிங் செய்பவர்களிடமும்தான். அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி, ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் ஆர்டினன்ஸ் க்ளோத்திங் ஃபேக்டரி என்று தையல் மெஷின் சத்தம் கேட்டு வளர்ந்த நம் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. அதனால்தான் அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

ரூலாவுக்கு கம்ப்யூட்டரே தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். மேல் கை எவ்வளவு டிகிரி தூக்கியிருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது, மணிக்கட்டு, கழுத்து, முதுகு எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அந்த எண்களை மூன்று அட்டவணைகளில் வரிசையாகப் பார்த்தால் கடைசியில் 1 முதல் 7 வரை ஒரு மார்க் வரும். பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் எதிர், குறைந்தால் நல்லது. 1, 2 என்றால் ஏற்கலாம். 3, 4 என்றால் மேலும் ஆராய வேண்டும். 5, 6 என்றால் சீக்கிரம் மாற்ற வேண்டும். 7 என்றால் உடனே மாற்ற வேண்டும். ஆக, '4 என்றால் பரவாயில்லை' என்று அந்த முறையை உருவாக்கியவர்களே சொல்லவில்லை. 'இன்னும் பார்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நம் வாசகியிடம் சொல்லப்பட்டதில் முதல் கோளாறு இது.

இரண்டாவது விஷயம் இன்னும் சுவாரசியமானது. வாசகி தன் வேலையை விவரமாக எழுதியிருக்கிறார். தாழ்வான மேசை. நின்றபடி குனிந்து தையலைப் பார்க்க வேண்டும். ஒரு சட்டைக்கு இரண்டு மூன்று நிமிடம். கை சற்றே முன்னால் நீண்டு, தோள் உயர்ந்து இருக்கும். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். மேல் கை 20 டிகிரிக்கு மேல் முன்னால், அதற்கு 2. தோள் உயர்ந்திருப்பதால் ஒன்று கூட்டி 3. முழங்கை சரியான கோணம், 1. மணிக்கட்டு லேசாக வளைந்தது, 2. அட்டவணையில் கைக்கு மொத்தம் 4 வந்தது. கழுத்து 20 டிகிரிக்கு மேல் குனிந்தது, 3. முதுகும் 20 டிகிரிக்கு மேல், 3. கால் இரண்டும் சமமாக ஊன்றியிருக்கிறது, 1. அட்டவணையில் இதற்கும் 4. இரண்டு 4-ஐயும் கடைசி அட்டவணையில் பார்த்தால் விடை 4. சாப்ட்வேர் சொன்னதும் 4. கணக்கு சரி!

ஆனால் ரூலாவில் இன்னொரு கட்டம் உண்டு. ஒரே நிலையில் அசையாமல் நெடுநேரம் இருந்தால் கைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று கூட்ட வேண்டும். நெடுநேரம் என்றால் எவ்வளவு? 1993-ன் மூலக் கட்டுரையில் ஒரு நிமிடத்துக்கு மேல் என்று இருக்கிறது. பிற்பாடு உலகமெங்கும் பரவிய, இன்று பல சாப்ட்வேர்கள் பின்பற்றும் படிவத்திலோ 10 நிமிடத்துக்கு மேல் என்று இருக்கிறது. நம் வாசகி அசையாமல் குனிந்து நிற்பது இரண்டு மூன்று நிமிடம். ஒரு நிமிடக் கணக்கென்றால் புள்ளி கூடும். 10 நிமிடக் கணக்கென்றால் கூடாது. கூடினால் 4-ம் 4-ம் 5-ம் 5-ம் ஆகும். கடைசி அட்டவணையில் 5-க்கு 5 பார்த்தால் விடை 5 அல்ல, 6.

ஒரே ஒரு டிக். 'மேலும் ஆராயலாம்' என்பது 'சீக்கிரம் மாற்று' என்று ஆகிவிடுகிறது. அந்த டிக்கைப் போட்டது யார், எந்தக் கணக்கில் போட்டார் என்பது வண்ணவண்ணமாக அச்சடித்து வரும் ரிப்போர்ட்டில் தெரியாது. பச்சை, மஞ்சள், சிவப்பு மட்டும்தான் தெரியும். சாப்ட்வேர் பொய் சொல்லாது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ரேஷன் கடையிலிருந்து பேங்க் வரை 'சிஸ்டத்தில் அப்படித்தான் வருது' என்றால் நாம் திரும்பி வந்துவிடுவோம். சிஸ்டத்துக்குள் இருப்பது யாரோ ஒரு மனிதர் எடுத்த முடிவுதான்.

சரி, மொபைல் வீடியோவை வைத்து கோணம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? மந்திரம் ஒன்றும் இல்லை. படத்தில் உள்ள மனிதரின் மூக்கு, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று புள்ளிகளைத் தேடிப் பிடிக்கும் புரோகிராம்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'ஓப்பன்போஸ்' 2017-ல் வந்தது. கூகுளின் 'மீடியாபைப்' உடம்பில் 33 புள்ளிகளைக் குறிக்கிறது. சாதாரண மொபைலிலேயே ஓடுகிறது. புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் கோணம் வந்துவிடும். அதை ரூலா அட்டவணையில் போடுவது பத்தாம் வகுப்புப் பையனும் எழுதக்கூடிய புரோகிராம்.

சிக்கல் எங்கே என்றால், கேமராவுக்குத் தெரிவதுதான் புரோகிராமுக்கும் தெரியும். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் குனிவது சரியாகத் தெரியும். எதிரிலிருந்து எடுத்தால் 30 டிகிரி குனிவு 10 டிகிரி போலத் தோன்றலாம். மேசைக்குப் பின்னால் மறைந்த கால் எங்கே என்பது ஊகம்தான். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் மேலே போடும் ஓவர்கோட்டும் இடுப்பு எங்கே, தோள் எங்கே என்பதை மூடிவிடும். மணிக்கட்டு எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்பதைத் தூரத்து வீடியோவில் பிடிப்பது கஷ்டம். முக்கியமாக, கையில் இருப்பது பஞ்சா இரும்பா என்று கேமராவுக்குத் தெரியாது. எடையை யாராவது டைப் செய்ய வேண்டும். மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எவ்வளவு சூடு என்பதற்கு ரூலாவில் கட்டமே கிடையாது. இத்தனைக்கும் வேலையிடத்துச் சூடு தொழிலாளர்களை என்ன செய்கிறது என்பதை, பூந்தமல்லி போகும் வழியில் போரூரில் இருக்கும் ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியல் துறையே பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

இவ்வளவு சொன்னதால் நான் இந்த சாப்ட்வேர்களுக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். முன்பெல்லாம் ஒரு நிபுணர் ஒரு நாள் முழுக்க நின்று பத்துப் பேரைப் பார்ப்பார். இப்போது நூறு பேரைப் பார்க்கலாம். எந்த மேசை மோசம் என்று வரிசைப்படுத்தலாம். மேசையை உயர்த்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடலாம். நல்ல உபயோகம்தான். என் ஆட்சேபணை வேறு. நிபுணர் வந்து நின்றபோது அவர் இன்னொரு காரியமும் செய்தார்: "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டார். ஐந்து நிமிட வீடியோவில் முதலில் காணாமல் போனது அந்தக் கேள்விதான்.

ரூலாவை உருவாக்கிய கார்லெட், அதற்கு 17 வருடம் முன்பே, 1976-ல், பிஷப் என்பவருடன் சேர்ந்து வேறொரு முறையை வெளியிட்டார். மனித உடம்பின் படம் ஒன்று. அதில் கழுத்து, தோள், இடுப்பு என்று பகுதிகள் பிரித்திருக்கும். வேலை செய்பவரிடம் படத்தைக் கொடுத்து எங்கே வலி, எவ்வளவு வலி என்று குறிக்கச் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் இடையிடையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அந்த மனிதர் முதலில் கேட்கக் கற்றுக்கொண்டார், பிறகுதான் மார்க் போட்டார். ரூலாவை வெளியிட்டபோதும், இது முதல் சல்லடைதான், முழு ஆய்வின் ஒரு பகுதியாகவே பயன்படுத்த வேண்டும் என்றுதான் இருவரும் சொன்னார்கள்.

எனவே வாசகிக்கு என் பதில் இதுதான். வலியை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு எந்த ஸ்கோரும் தேவையில்லை. பிறகு உங்கள் லைனில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தாளில் உடம்புப் படம் வரைந்து, வலிக்கும் இடத்தைக் குறியுங்கள். ஒருவருக்குத் தோள் வலித்தால் 'வீட்டில் என்ன வேலை செய்தீர்கள்' என்று கேட்பார்கள். ஆறு பேருக்கு அதே தோள் வலித்தால் மேசையைப் பார்ப்பார்கள். மேனேஜரிடம் சண்டை போட வேண்டாம். "அசையாமல் நிற்பதற்கு எத்தனை நிமிடம் என்று செட்டிங்ஸில் வைத்தீர்கள் சார்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் நல்ல நிபுணர். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையா என்றும் கேட்கலாம். நின்றே வேலை செய்பவர்களுக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்பதை 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே 44-வது பிரிவில் சொன்னது. கடைகளில் நிற்பவர்களுக்காக இதே உரிமையைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021-ல் நிறைவேற்றியது. தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களின் காலுக்கு யாரும் ஸ்கோர் போடவில்லை. கால் வலிக்கிறது என்று அவர்கள் சொன்னது போதுமானதாக இருந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். இந்த நிபுணர்களின் இன்னொரு கணக்கை உங்கள் எக்ஸெல்லிலேயே போட்டுப் பார்க்கலாம். பாரம் தூக்குவதற்கான 'நையோஷ்' சமன்பாடு அது. அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1981-ல் வெளியிட்டு, 1991-ல் திருத்தியது. திருத்தியவர்களில் அருண் கார்க் என்ற பெயரும் உண்டு. எந்தக் குறையும் இல்லாத நிலையில் 23 கிலோ தூக்கலாம் என்று தொடங்கி, ஒவ்வொரு அசௌகரியத்துக்கும் குறைத்துக்கொண்டே போகும். உதாரணத்துக்கு, நம் பகுதியில் அநேகமாக வீட்டுக்கு வீடு இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து ஸ்டாண்டின் மேல் ஏற்ற வேண்டும். டேப் வைத்து சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

23 × (25 ÷ கணுக்காலிலிருந்து கைப்பிடி வரை கிடைமட்டத் தூரம்) × (1 − 0.003 × கை உயரத்துக்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம்) × (0.82 + 4.5 ÷ மேலே தூக்கும் தூரம்) × பிடிமானம்

கேன் பருமனாக இருப்பதால் கிடைமட்டத் தூரம் 40 என்று வைப்போம். தொடக்கத்தில் கை உயரம் 30. மேலே தூக்குவது 90. நல்ல பிடி கிடையாது என்பதால் கடைசியில் 0.9. விடை 9.7 கிலோ வரும். கேனில் உள்ள தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அனுமதித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! இது உடம்பைத் திருப்பாமல், எப்போதாவது ஒரு முறை தூக்குவதற்கான கணக்கு. முப்பது வயதுக்காரர் சிரித்துக்கொண்டே தூக்கிவிடுவார். அறுபது வயது அம்மா தூக்கக் கூடாது. கேனுக்கு அடியில் குழாய் வைத்த தாழ்வான ஸ்டாண்டோ, கையால் அமுக்கும் பம்ப்போ வாங்கிவிடுங்கள்.

இதிலும் ஒரு கவனம் தேவை. பெண் தொழிலாளர்களில் 75 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 99 சதவீதத்தினருக்கும் ஏற்ற எடை என்ற நோக்கில் அமெரிக்காவில் போட்ட கணக்கு இது. ஒரு கையால் தூக்குவதற்கும், உட்கார்ந்தோ மண்டியிட்டோ தூக்குவதற்கும், மாடிப்படி ஏறுவதற்கும் பொருந்தாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் அலம்பும் பாதிக் கேனுக்கும் பொருந்தாது. ஒரு தோளில் கேனைச் சாய்த்துக்கொண்டு மூன்று மாடி ஏறிவரும் தண்ணீர் போடும் பையனின் முதுகுக்கு இந்தச் சமன்பாட்டில் இடமே இல்லை. நீங்கள் என்ன எண் கொடுத்தாலும் எக்ஸெல் ஒரு விடை கொடுத்துவிடும், அதுதான் ஆபத்து.

வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களுக்கு 'ரோசா' என்றொரு முறை இருக்கிறது. கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2012-ல் வெளியிட்டது. நாற்காலி, மானிட்டர், போன், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 வரை மார்க். 5-ஐத் தாண்டினால் மாற்றம் தேவை. ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உபயோகித்தால் ஒரு புள்ளி கூடும், ஒரு மணி நேரத்துக்குக் குறைவென்றால் ஒன்று குறையும். லேப்டாப்பில் மட்டும் வேலை செய்தால் நல்ல மார்க் வாங்குவது கஷ்டம். திரையைக் கண்ணுக்கு நேரே வைத்தால் கீபோர்டு தோள் உயரத்துக்குப் போய்விடும். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பை நாலு தடிப் புத்தகங்களின் மேல் ஏற்றிவிடுங்கள். பத்தாயிரம் ரூபாய் நாற்காலியைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

ஆனால் ரோசா நாற்காலியோடு தொடங்குகிறது. நாற்காலியே இல்லாதவர்கள்? திருமுல்லைவாயிலிலும் கொரட்டூரிலும் தெருவுக்கு நாலு வீட்டில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பூக் கட்டுகிறார்கள், துணிக்கு நூல் பிசிறு வெட்டுகிறார்கள், பாக்கெட் போடுகிறார்கள். ரூலா, அதன் தங்கை ரீபா, பின்லாந்தில் பிறந்த ஓவாஸ் எதிலும் சம்மணத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. 'உட்கார்ந்திருக்கிறார்' என்று டிக் செய்தால் காலுக்கு நல்ல மார்க் விழும். ஆறு மணி நேரம் தரையில் இருந்து எழும்போது முட்டி பிடித்துக்கொள்வது கணக்கில் வராது. முறைகளை உருவாக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பார்த்த இடங்களில் யாரும் தரையில் உட்காரவில்லை. இந்திய உடல் அளவுகளை ஊர் ஊராக எடுக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து வேலை செய்ததால்தான் 1997-ல் தேப்குமார் சக்ரவர்த்தியின் உடல் அளவுப் புத்தகம் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து வந்தது. அளவு கிடைத்துவிட்டது. உட்காரும் விதத்துக்கும் யாராவது உட்கார வேண்டும்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எத்தனை இன்ஜினியரிங் காலேஜ்கள்! வருடா வருடம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று அட்டெண்டன்ஸ் சிஸ்டமும் லைப்ரரி மேனேஜ்மென்ட்டும் எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. மீடியாபைப் இலவசம். ரூலா அட்டவணைகள் மூன்றும் ஒரே தாளில் அடங்கும். தமிழில் ஒரு மொபைல் அப்ளிகேஷன் எழுதுங்கள். கேமராவைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லி அதுவே கேட்கட்டும். புடவை கட்டியவர்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். அசையாமல் இருக்கும் நேரம் ஒரு நிமிடமா, பத்து நிமிடமா என்பதை ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே அச்சிடுங்கள். சம்மணத்துக்கு மார்க் எவ்வளவு என்று நீங்களாக முடிவு செய்யாமல், பிசியோதெரபி காலேஜில் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பூக் கட்டும் பெண்கள் இருபது பேரிடமாவது ஒரு மாதம் பழகிப் பாருங்கள். வீடியோ எடுக்கும் பட்டனை முதல் திரையில் வைக்க வேண்டாம். முதல் திரையில் உடம்புப் படம் வரட்டும். வலிக்கும் இடத்தைத் தொட்ட பிறகு கேமரா திறக்கட்டும். எழுதி முடித்தவர்கள் எனக்கு அனுப்புங்கள். முதல் ஆளாக என் முதுகை வைத்தே சோதிக்கிறேன்.